ஜெர்மனியில் வாடகை வீடு: ஈரத்தையும் காகிதத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய், பி2 நிலை வரை ஜெர்மன் மொழி படித்து, நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு வார்டில் பேச வேண்டியது வகுப்பிலேயே கிடைத்துவிடும். குடியிருக்கப் போகிற வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் குளிர்காலம் முடியுமுன் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூசணம் பூக்கிறது; காலி செய்யும்போது டெபாசிட்டில் பெரிய துண்டு விழுகிறது. இதற்குச் சோம்பல் காரணமில்லை. ஊரில் சரியாக இருந்த பழக்கங்களை அப்படியே கொண்டுபோவதுதான் காரணம். தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவுவது ஒன்று, வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடுவது மற்றொன்று.

கல்ஃபில் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பல்பு போனாலும் ஏசி சொட்டினாலும் கீழே இருக்கும் நாத்தூரை, அதாவது கட்டிடக் காவலாளியைக் கூப்பிட்டுப் பழகியிருக்கும். ஜெர்மனியில் பல கட்டிடங்களில் ஹவுஸ்மைஸ்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் பொது இடங்களையும் பொது இயந்திரங்களையும் பார்க்கிறவர். உங்கள் வீட்டுப் பல்பை மாட்ட வரமாட்டார். அவர் காதில் போட்டதை வீட்டுக்காரருக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சாவி வாங்கும் நாள்

முதலில் வாடகைக் கணக்கு. கால்ட்மீட்டெ என்பது வெறும் வீட்டுக்கான வாடகை. தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், பெரும்பாலும் ஹீட்டிங் எல்லாம் நேபன்கோஸ்டன் என்று மேலே ஏறும். இரண்டும் சேர்ந்தது வார்ம்மீட்டெ. கரண்டு பொதுவாக இதில் வராது, தனி ஒப்பந்தம் போட வேண்டும். டெபாசிட் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டெ. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 551-ஆம் பிரிவு இடம் தருகிறது. கையில் பணம் குறைவாகப் போய் இறங்குகிறவர்கள் இதைக் கூச்சப்படாமல் கேட்கலாம்.

“இரண்டு ட்ஸிம்மர்” என்றால் ஹாலும் ஒரு படுக்கையறையும். சமையலறை எண்ணிக்கையில் வராது. பல வீடுகளில் சமையலறைக்குள் ஒன்றுமே இருக்காது: சுவரில் தண்ணீர் வாய், கழிவு வாய், அடுப்புக்கான கரண்டுப் பெட்டி, அவ்வளவுதான். சிங்க், அலமாரி, அடுப்பு எல்லாம் நீங்கள் வாங்க வேண்டும், அல்லது முன்பு இருந்தவரிடம் விலை பேசி எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கும் இருக்காது, கூரையில் ஒயர் தொங்கும். அடுப்பு இணைப்பு பெரும்பாலும் மூன்று ஃபேஸ், 400 வோல்ட். அதை எலெக்ட்ரீஷியனை வைத்தே இணையுங்கள், பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை ஒப்படைக்கும்போது ஊபர்காபே ப்ரோட்டோகோல் என்று ஒரு தாள் எழுதுவார்கள். டெபாசிட் திரும்ப வருமா என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்யும். அதனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நேரம் கேளுங்கள். போனதும் எல்லாக் குழாயையும் திறந்து, சூடுதண்ணீர் வருகிறதா, சிங்க் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலையும் முழுதாகத் திறந்து, பிறகு மேற்பக்கம் மட்டும் உள்ளே சாய்த்து, மூடுங்கள். வெளித்திரையின் நாடாவை இழுத்துப் பாருங்கள். கோடைக்காலமானாலும் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அக்டோபரில் தெரிந்துகொள்வதில் பயனில்லை. தரையில் கீறல், டைல்ஸில் துளை, குளியல் தொட்டி ஓரத்தில் கறுத்த சிலிக்கோன், சுவர் மூலையில் புதுப் பெயின்ட் மட்டும் தனியாகத் தெரியும் இடம் (பழைய பூசணத்தை மறைத்திருக்கலாம்) எல்லாவற்றையும் எழுத வைத்துப் படம் எடுங்கள். மீட்டர் எண்களும் அளவுகளும், எத்தனை சாவி என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டிடம் முழுவதற்கும் ஒரே பூட்டு வரிசை இருந்தால், ஒரு சாவி தொலைந்தாலும் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். ஹாஃப்ட்ஃப்லிஃக்ட் என்னும் பொறுப்புக் காப்பீட்டை முதல் மாதமே எடுங்கள். அதில் வாடகை வீட்டுச் சேதமும் சாவி இழப்பும் அடங்குகின்றனவா என்று பார்த்து எடுங்கள்.

குளியலறை

தரையில் தண்ணீர் போகும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஷவர் தட்டுக்கும் தொட்டிக்கும் வெளியே விழும் தண்ணீருக்குப் போக வழியில்லை. டைல்ஸ் இடுக்கிலும் கதவு நிலையிலும் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாகத் தெரியும். வாளியும் கப்பும் வைத்துக் குளிக்க வேண்டுமென்றால் தொட்டிக்குள் உட்கார்ந்தே குளியுங்கள். குளியலறையை வாரியலும் தண்ணீருமாகத் தேய்த்துக் கழுவும் சனிக்கிழமைப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பிழிந்த துணி போதும்.

கக்கூஸில் கை ஷவர் வைக்கலாம். ஃப்ளஷ் தொட்டி வெளியே தெரியும் வகையென்றால், சுவர் வால்வுக்கும் அந்தத் தொட்டிக்குப் போகும் ஹோஸுக்கும் நடுவில் மூடும் திருகுள்ள டி-இணைப்பைச் சேர்க்க வேண்டும். அந்த வால்வின் வெளிவாய் வழக்கமாக 3/8 அங்குலம். நம்மவர்கள் தவறுவது இதற்குப் பிறகுதான். ஷவரின் விசையை மட்டும் விட்டுவிட்டு வந்தால் ஹோஸ் இரவு பகலாக முழு அழுத்தத்தில் நிற்கும். ஒருநாள் வெடித்தால் ஓட்டையில்லாத தரை குளமாகும். ஒவ்வொரு முறையும் திருகை மூடுங்கள். ஃப்ளஷ் தொட்டி சுவருக்குள் புதைந்திருந்தால் சுவரை உடைக்கும் வேலை வேண்டாம், மூக்கு வைத்த ஒரு கிண்டிச் செம்பு போதும்.

குளித்து முடித்ததும் கண்ணாடியிலும் டைல்ஸிலும் நிற்கும் தண்ணீரை ரப்பர் தட்டையால் வழித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. பூசணம், சுண்ணாம்புப் படிவம் இரண்டும் அதிலேயே பாதி குறைந்துவிடும். ஜெர்மனியின் பல பகுதிகளில் தண்ணீர் கடினமானது. படிவத்துக்குச் சிட்ரிக் அமிலத் தூளை ஒரு லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கரைத்து, குளிர்ந்த தண்ணீராகவே பயன்படுத்துங்கள். சூடாக்கினால் கரையாத வேறொரு வெள்ளைப் படிவம் உண்டாகிவிடும். ஷவர் தலையையும் குழாய் வாயில் இருக்கும் சல்லடையையும் கழற்றி இதில் ஊறவைக்கலாம். மார்பிளிலும் பழைய எனாமல் தொட்டியிலும் எந்த அமிலமும் படக்கூடாது. ஊரில் டைல்ஸ் கழுவ வாங்கும் ஆசிட்டை நினைத்தும் பார்க்க வேண்டாம், அது இடுக்குச் சாந்தைத் தின்றுவிடும்.

காற்றும் சூடும்

டெபாசிட் தகராறுகளில் பெரிய பங்கு பூசணத்துக்கு. “நீங்கள் காற்றோட்டம் விடவில்லை” என்பார் வீட்டுக்காரர். “சுவரில் கோளாறு” என்பார் குடியிருப்பவர். உங்கள் பக்கத்தைச் சரியாக வைத்துக்கொண்டால்தான் இரண்டாவது வாதம் நிற்கும்.

இடவப்பாதி மழையில் செருப்பிலும் பெல்ட்டிலும் பூசணம் பூப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மழை என்றால் ஜன்னலை மூடு என்பது கையில் ஊறியது. ஜெர்மனியின் குளிர்காலத்தில் கணக்கு தலைகீழ். 0 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டரில் 5 கிராமுக்குள்தான் நீராவி தாங்கும். 20 டிகிரிக் காற்று 17 கிராம் வரை தாங்கும். வெளிக் காற்று உள்ளே வந்து சூடானதும் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அதனால் வெளியே மழை கொட்டினாலும், பனி விழுந்தாலும், ஜன்னலைத் திறந்தால் வீடு காயத்தான் செய்யும்.

திறக்கும் முறைக்குப் பெயர் ஷ்டோஸ்லூஃப்டன். ஹீட்டரை அணைத்து, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து, குளிர்காலத்தில் 5 நிமிடம், வசந்தத்திலும் இலையுதிர்க் காலத்திலும் 10 முதல் 15 நிமிடம் விட்டு மூட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு முறை. எழுந்தவுடன் ஒன்று, சமைத்தவுடன் ஒன்று, குளித்தவுடன் ஒன்று கட்டாயம். ஜன்னலைச் சாய்த்துவிட்டு வேலைக்குப் போவது நல்லதுபோலத் தோன்றும். அது காற்றை மெதுவாகத்தான் மாற்றும். அதற்குள் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் சில்லிட்டுப்போய் அங்கேயே பூசணம் பிடிக்கும்.

பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறை 20 டிகிரியும் 50 சதவீத ஈரமுமாக இருக்கும்போது, சுவரின் மேற்பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே போனால் பூசணம் வளரலாம் என்பது அங்குள்ள கட்டுமானத் தர அளவு. வெளிச்சுவர் மூலை, அலமாரியின் பின்பக்கம், கட்டில் தலைமாடு இவைதான் அப்படிச் சில்லிடும் இடங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முடிந்தால் உள்சுவரில் வையுங்கள்.

ஹீட்டர் திருகில் 1 முதல் 5 வரை எண் இருக்கும். அது வேகம் இல்லை, வெப்ப அளவு: 1 ஏறக்குறைய 12 டிகிரி, 2 என்றால் 16, 3 என்றால் 20, 4 என்றால் 24, 5 என்றால் 28. பனிப்பூ அடையாளம் சுமார் 6 டிகிரி, குழாய் உறையாமல் இருக்க மட்டும். 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது. 28 டிகிரி வரை விடாமல் எரியும், பில் ஏறும். 3-இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். நைட் டியூட்டிக்குப் போகும்போது முழுதாக அணைப்பதும் தவறு. சுவர் குளிர்ந்துபோனால் பக்கத்து அறையின் ஈரக் காற்று அங்கே வந்து படியும். 2-க்குக் குறைத்துவைத்தால் போதும். திருகின் முன்னே திரையோ சோபாவோ இருந்தால் அது தன்னைச் சுற்றியுள்ள சூட்டை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடும்.

ஹீட்டர் கீழே சூடாகவும் மேலே குளிராகவும் இருந்து களகளவென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சதுர வாயுள்ள சிறு சாவி கடையில் கிடைக்கும். ஹீட்டரின் மேல் ஓரத்தில் பக்கவாட்டில் இருக்கும் சிறு வால்வுக்குக் கீழே ஒரு டம்ளரைப் பிடித்து, அரைத் திருப்பு திருப்புங்கள். சீறிக்கொண்டு காற்று போய்த் தண்ணீர் வந்ததும் மூடுங்கள். பல ஹீட்டர்களில் செய்தால் மொத்த அழுத்தம் குறையும், ஹவுஸ்மைஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

துணி காயப்போடுவதும் ஈரம்தான். ஒரு மெஷின் துணி அறைக்குள் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீரை விடலாம். கட்டிடத்தின் அடித்தளத்தில் காயவைக்கும் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதிகச் சுழற்சியில் பிழிந்து, ஒரே அறையில் கதவைச் சாத்திக் காயப்போட்டு, அந்த அறை ஜன்னலை அடிக்கடி திறங்கள்.

அரை சதுர மீட்டருக்குக் குறைந்த மேலோட்டமான பூசணத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்கலாம். ஜன்னலைத் திறந்து, கையுறை, முகக்கவசம் போட்டு, தீ இல்லாமல் செய்யுங்கள். வினிகர் வேண்டாம், சுண்ணாம்புச் சுவர் அதைச் செயலிழக்கச் செய்து, பூசணத்துக்குத் தீனியாக்கிவிடும். துடைக்கும் முன் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். பரப்பு பெரிதானாலோ துடைத்த இடத்திலேயே திரும்ப வந்தாலோ அது துணியால் தீராது.

சமையலறை

சம்பா அரிசிச் சோறு, புட்டு, இட்லி எல்லாம் ஆவிச் சமையல். பானையை மூடியே வேகவையுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் உறிஞ்சி எந்த வகை என்று பாருங்கள். வெளியே குழாய் போனால் ஆவியும் போகும். குழாய் இல்லாமல் கரி வடிகட்டி மட்டும் இருந்தால் அது வாசனையைக் குறைக்கும், ஈரத்தைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும். ஜன்னல் திறந்தே ஆக வேண்டும். உலோகச் சல்லடையை மாதம் ஒருமுறை சூடுநீரில் கழுவுங்கள். தாளிப்பு எண்ணெய் ஏறிய சல்லடை தீப்பிடிக்கக் கூடியது.

தேங்காய் எண்ணெய்தான் நம் பக்கத்து வீடுகளின் தனிப் பிரச்சினை. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஊரில் திரவமாக ஓடிப்போகிற எண்ணெய் அங்கே குளிர்ந்த குழாயின் உள்சுவரில் மெழுகாய் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் சோற்றுப் பருக்கை. வறுத்த சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மிஞ்சிய எண்ணெயைப் புட்டியில் ஊற்றி மூடி, மிச்சக் குப்பைக்கான கறுப்புத் தொட்டியில் போடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் ஷவர் வாயில் முடிச் சல்லடை வையுங்கள்.

அடைத்துவிட்டால் சிங்க் கீழே வளைந்த குழாயின் அடியில் வாளி வைத்து, பெரிய திருகு வளையங்களைக் கையால் கழற்றி, சுத்தம் செய்து, ரப்பர் வளையம் நேராக உட்கார்ந்ததா பார்த்து மாட்டுங்கள். குழாய் அடைப்பு நீக்கும் தூளைப் போட்டுவிட்டு அப்புறம் கழற்றாதீர்கள், கண்ணில் தெறிக்கும். அடைப்பு பொதுக் குழாயில் என்றால், நீங்கள்தான் காரணம் என்று நிரூபிக்காமல் உங்களிடம் செலவு வாங்க முடியாது.

லேமினேட் தரையில் வாளித் தண்ணீர் ஊற்றினால் பலகை ஓரங்கள் உப்பும், மறுபடி அடங்காது. நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் ஒட்டுங்கள். புகை அறிவிப்பான் படுக்கையறையிலும் நடைவழியிலும் கட்டாயம். சாம்பிராணி போடுவதற்காக அதைக் கழற்றாதீர்கள், ஜன்னலைத் திறந்துவைத்து அதன் ஓரத்தில் போடுங்கள்.

பழுது வந்தால்

பழுதைத் தாமதமில்லாமல் அறிவிப்பது குடியிருப்பவரின் சட்டக் கடமை. சொல்லாமல் விட்டதால் சேதம் பெருகினால் அது உங்கள் கணக்கு. போனில் பேசுங்கள், தவறில்லை. அன்றைக்கே எழுத்திலும் அனுப்புங்கள். தேதி, எந்த அறை, என்ன பழுது, எப்போதிலிருந்து, படங்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு கெடு. இவ்வளவு இருந்தால் போதும். குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றால் கெடு நாள் கணக்கில், கதவுக் கீல் கிறீச்சிட்டால் வாரக் கணக்கில்.

சிறு பழுதுக்குக் குடியிருப்பவர் காசு கொடுக்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அது செல்ல வேண்டுமென்றால் குழாய், சுவிட்சு, ஜன்னல் கைப்பிடி போன்று நீங்கள் அடிக்கடி தொடும் பொருளாக இருக்க வேண்டும். ஒரு பழுதுக்கு இவ்வளவு என்றும் (சுமார் 100 முதல் 120 யூரோ) ஆண்டுக்கு இவ்வளவு என்றும் வரம்பு எழுதியிருக்க வேண்டும். பில் அந்த வரம்பைத் தாண்டினால் முழுத் தொகையும் வீட்டுக்காரருடையது. “120 வரை நீ, மேலே நான்” என்று பிரிப்பது செல்லாது.

பெரிய குறை இருக்கும்வரை வாடகை குறையும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நீங்களாகவே வாடகையைப் பிடித்துவிடாதீர்கள். கணக்கு தவறிப் பாக்கி இரண்டு மாத வாடகையைத் தொட்டால் உடனடியாகக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்குக் காரணம் கிடைத்துவிடும். உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுத்து முழுதாகக் கட்டுங்கள், பிறகு மீட்டர்ஃபெரைனில் கேளுங்கள். ஆண்டுச் சந்தா கட்டினால் ஒப்பந்தத்தையும் நேபன்கோஸ்டன் பில்லையும் பார்த்துச் சொல்கிற வாடகைதாரர் சங்கம் அது. அந்த ஆண்டுக் கணக்கு, கணக்குக் காலம் முடிந்த 12 மாதத்துக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும்; பிந்தி வந்தால் பொதுவாகக் கூடுதல் கேட்க முடியாது. வந்ததிலிருந்து உங்களுக்கும் ஆட்சேபிக்க 12 மாதம் உண்டு.

குப்பை, சத்தம், மாடிப்படி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; ஹவுஸ்ஓர்ட்னுங் என்ற விதித்தாளில் எல்லாம் இருக்கும். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுதும் அமைதி. காலை ஐந்து மணிக்கு மிக்சி ஓடினால் கடிதம் வரும். தேங்காயை முந்தின மாலையே அரைத்து வையுங்கள். பாடன்-வுர்ட்டம்பெர்க் பக்கம் வாரமுறை வைத்து மாடிப்படி கூட்டும் வழக்கம் உண்டு. உங்கள் முறை வரும் வாரம் கதவில் அட்டை தொங்கும், நீங்கள் டியூட்டியில் இருந்தாலும் யாரையாவது வைத்துச் செய்ய வேண்டும்.

காலி செய்வது

நோட்டீஸ் மூன்று மாதம். மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். காகிதத்தில், கையெழுத்திட்டு இருக்க வேண்டும். மின்னஞ்சலும் வாட்ஸாப்பும் செல்லாது. ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயர் இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும்.

பெயின்ட் அடித்துத்தான் தர வேண்டும் என்று சொன்னவுடனே பிரஷ் வாங்காதீர்கள். பெயின்ட் அடிக்காமல், ஈடும் தராமல் உங்களுக்குக் கொடுத்த வீடென்றால், அப்படி அடிக்கச் சொல்லும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. நிலைமைக்குச் சம்பந்தமில்லாமல் இத்தனை ஆண்டுக்கொருமுறை கட்டாயம் என்று எழுதியதும் செல்லாது. முதல் நாள் எழுதிய தாள் இங்கேதான் கை கொடுக்கும். நீங்களாகச் சுவரில் அடித்த பச்சையையும் மஞ்சளையும் மட்டும் வெளிர் நிறத்துக்கு மாற்றிக்கொடுங்கள், ஆணித் துளைகளை அடையுங்கள், கூட்டிப் பெருக்கிக் கொடுங்கள்.

திரும்ப ஒப்படைக்கும்போதும் ஒரு தாள் எழுதுவார்கள். குறையை நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வரியில் உடன்பாடில்லை என்று எழுதியே கையெழுத்திடுங்கள். சேதத்துக்கு ஈடு கேட்கும் வீட்டுக்காரரின் உரிமை, வீட்டைத் திரும்ப வாங்கிய 6 மாதத்தில் காலாவதியாகும். டெபாசிட்டைத் திருப்பித்தர மூன்று முதல் ஆறு மாதம் எடுத்துக்கொள்வார்கள். நேபன்கோஸ்டன் கணக்கு முடியாமல் இருந்தால் அதற்கான பகுதியை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம். ஊருக்கே திரும்புகிறவர்கள் அந்தப் பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.